அத்தியாயம் 6: கடைக்குள் வராத எண்

ஈரோட்டில் ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சென்னிமலைப் போர்வை, படுக்கை விரிப்பு, துண்டு என்று இணையத்தில் விற்கிறது. நாளுக்கு முந்நூறு ஆர்டர். திருநெல்வேலியிலிருந்து ஒருவர் இரண்டு போர்வை வாங்குகிறார். அவருடைய கைபேசி எண் மறுநாள் காலைக்குள் எங்கெங்கே போய்ச் சேர்கிறது என்று பின்தொடர்ந்து பார்ப்போம்.

ஆர்டர் பக்கத்தில் அவர் தட்டிய எண் சர்வருக்கு வருகிறது. வந்ததை வந்தபடியே லாக் கோப்பு எழுதிக்கொள்கிறது. அடுத்து டேட்டாபேஸ். அங்கிருந்து எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனத்துக்கு. பிறகு கூரியருக்கு. பிற்பகலில் பேக்கிங் பிரிவுக்காக ஓர் எக்செல் கோப்பு இறக்கப்படுகிறது. அது வாட்ஸ்அப் குழுவில் போடப்பட்டு, குழுவில் உள்ள பதினோரு பேரின் கைபேசியிலும் தங்குகிறது. அவர்களில் இருவர் போன தீபாவளியோடு வேலையை விட்டுப் போனவர்கள். குழுவிலிருந்து யாரும் நீக்கவில்லை. இரவில் பேக்கப். மறுநாள் காலை, புதிய வசதி ஒன்றைச் சோதித்துப் பார்க்க டெவலப்பர் அந்த பேக்கப்பைத் தன் மடிக்கணினியில் ஏற்றிக்கொள்கிறார்.

இவர்களில் யாரும் தவறான எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. அவரவர் வேலையைத்தான் பார்த்தார்கள். ஆனால் அந்த எண்ணை எண்ணாகவே அறிந்தாக வேண்டியவர்கள் இரண்டே பேர்: எஸ்எம்எஸ் அனுப்புகிறவர், பார்சலை வீட்டில் கொடுக்கிறவர். மற்ற எல்லா இடங்களிலும் தேவைப்பட்டது, இந்த ஆர்டரும் போன மாத ஆர்டரும் ஒரே ஆளுடையவை என்று தெரிந்துகொள்ள ஓர் அடையாளம் மட்டுமே. அந்த அடையாளமாக நிஜ எண்ணையே பயன்படுத்தியதுதான் கோளாறு.

சென்ற அத்தியாயத்தில் டேட்டாபேஸை என்க்ரிப்ட் செய்வது பற்றிப் பார்த்தோம். அது வட்டைத் திருடிக்கொண்டு போகிறவனிடமிருந்து காக்கும். மேலே சொன்ன பாதையில் அதற்குப் பெரிதாக வேலை இல்லை. செயலி கேட்கும்போதெல்லாம் டேட்டாபேஸ் எண்ணைத் திறந்துதான் கொடுக்கும். எக்செல்லில் திறந்த எண்தான் விழும். இந்த அத்தியாயம் வேறு வழியைச் சொல்கிறது: நிஜ எண்ணைத் தனிப் பெட்டகம் ஒன்றில் வைத்துவிட்டு, கடையின் மற்ற எல்லா இடங்களிலும் அதற்குப் பதிலாக நிற்கும் டோக்கனை மட்டும் உலவ விடுவது. எண் டோக்கனாகவும் டோக்கன் எண்ணாகவும் மாறும் வேலையை, வழியிலேயே நிற்கும் ப்ராக்ஸியிடம் ஒப்படைப்பது. கடையின் நிரலுக்கு நிஜ எண் தெரியவே கூடாது.

வாங்காமலே விடக்கூடியவை

பெட்டகம் கட்டும் முன் படிவத்தைத் திறந்து ஒவ்வொரு கட்டத்தையும் பாருங்கள். போர்வை விற்க ஆதார் எண் வேண்டாம். பிறந்த நாள் வாழ்த்து அனுப்புவதற்காக முழுப் பிறந்த தேதி வாங்குகிறீர்கள் என்றால், நாளும் மாதமும் போதும், ஆண்டு எதற்கு? ஆண்டோடு சேர்ந்த பிறந்த தேதியும் பின்கோடும் ஆணா பெண்ணா என்பதும் ஒன்றாகக் கிடைத்தால், பல சமயம் பெயரே இல்லாமல் ஆளைக் கண்டுபிடித்துவிட முடியும்.

அட்டை எண் விஷயத்தில் முடிவு உங்கள் கையில் இல்லை. 2022 அக்டோபர் 1 முதல், ரிசர்வ் வங்கியின் விதிப்படி, அட்டை வழங்கிய வங்கியும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்புகளும் தவிர வேறு யாரும் அட்டை விவரத்தைச் சேமித்து வைக்கக் கூடாது. கணக்குச் சரிபார்க்கக் கடைசி நான்கு இலக்கங்களையும் வங்கியின் பெயரையும் வைத்துக்கொள்ளலாம். “அடுத்த முறைக்காக அட்டையைச் சேமிக்கவா” என்று கேட்டு, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டு ஓடிபி கொடுத்த பிறகு கடைக்குக் கிடைப்பது டோக்கன்தான். அந்த டோக்கன் அந்த அட்டைக்கும் அந்தக் கடைக்கும் மட்டுமே பொருந்தும். ஈரோட்டுக் கடையிலிருந்து அதைத் திருடிக்கொண்டு போய் வேறொரு தளத்தில் போர்வை வாங்க முடியாது. நாட்டில் அட்டையைச் சேமித்து வைக்கும் இணைய வணிகம் இந்த முறைக்கு மாறியிருக்கிறது. நம் கடையின் கைபேசி எண்ணுக்கும் முகவரிக்கும் அதே ஒழுங்கைக் கொண்டுவருவதுதான் நமக்கு மிச்சமிருக்கும் வேலை.

கடன், காப்பீடு போன்ற தொழில்களில் சட்டப்படி ஆதார் எண்ணைச் சேமிக்க வேண்டியிருப்பவர்களுக்கு, ஆதார் ஆணையம் 2017 ஜூலையிலேயே தனி ஆதார்ப் பெட்டகத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. எண் பெட்டகத்துக்குள் இருக்கும். மற்ற கணினிகளில் ஒரு குறிப்பு எண் மட்டும் ஓடும். கீழே வரும் அமைப்பும் அதே சாயல்தான்.

எப்படிப்பட்ட டோக்கன்?

நல்ல டோக்கன் பழைய வங்கிக் கவுன்டரில் கொடுத்த பித்தளை வில்லையைப் போன்றது. 47 என்று பொறித்திருக்கும். அதை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் காசோலையில் என்ன தொகை என்று தெரியாது. 47-க்கும் தொகைக்கும் உள்ள தொடர்பு காசாளரின் பேரேட்டில் மட்டும் இருந்தது. டோக்கனும் அப்படி எண்ணிலிருந்து கணக்கிட்டு வராததாக, குருட்டாம்போக்கில் பிறந்ததாக இருக்க வேண்டும்.

இங்கேதான் பல டெவலப்பர்கள் வழுக்குகிறார்கள். “தனிப் பெட்டகம் எதற்கு? எண்ணை எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் போட்டு வைத்தால் போதாதா? அதைத் திருப்ப முடியாதே” என்பார்கள். திருப்ப முடியாது என்பது உண்மை. ஆனால் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை. இந்தியக் கைபேசி எண்ணுக்குப் பத்து இலக்கம். முதல் இலக்கம் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்று. ஆக மொத்தம் இருக்கக்கூடிய எண்களே 400 கோடி. ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு 100 கோடி ஹாஷ்களுக்கு மேல் போடும். எல்லா எண்ணுக்கும் ஹாஷ் போட்டு உங்கள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சில நொடிகள் போதும்.

ஆதார் எண்ணும் தப்பாது. பன்னிரண்டு இலக்கத்தில் முதலாவது 0 ஆகவோ 1 ஆகவோ இருக்காது. கடைசி இலக்கம் மற்ற பதினொன்றிலிருந்து கணக்கிட்டு வரும் சரிபார்ப்பு இலக்கம். மிஞ்சுவது 8,000 கோடி வாய்ப்பு. அதே கார்டுக்கு இரண்டு நிமிட வேலைகூட இல்லை. அட்டை எண் இன்னும் மோசம். பதினாறு இலக்க அட்டையில் முதல் ஆறு எந்த வங்கி என்பதைச் சொல்லிவிடும். கடைசி நான்கு ரசீதிலேயே இருக்கும். மறைந்திருப்பது நடுவில் ஆறு இலக்கம், பத்து லட்சம் வாய்ப்பு. அதிலும் அட்டை எண்ணுக்குரிய சரிபார்ப்பு இலக்கக் கணக்கான லூன் சரிபார்ப்பில் தேறுவது ஒரு லட்சம். இதைச் சாதாரண மடிக்கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். கடைசி நான்கு இலக்கத்தையும் வெறும் ஹாஷையும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருப்பவர், எண்ணையே எழுதி வைத்ததற்குச் சமம்.

டோக்கனின் வடிவத்திலும் ஒரு யோசனை. பழைய மென்பொருள் பத்து இலக்கம் இல்லாவிட்டால் ஏற்க மறுக்கும் என்றால், டோக்கனையும் பத்து இலக்கமாகவே கொடுக்கலாம். ஆனால் முதல் இலக்கத்தை 1 என்று வையுங்கள். 6 முதல் 9 வரை எதில் தொடங்கினாலும் அது நிஜமாகவே யாரோ ஒருவருடைய எண்ணாக அமைந்துவிடலாம். ஒரு பிழையால் டோக்கனுக்கு எஸ்எம்எஸ் போனால், சம்பந்தமே இல்லாத ஒருவருக்கு இன்னொருவரின் ஆர்டர் விவரம் போய்ச் சேரும். இதே காரணத்துக்காக, அட்டை எண் வடிவத்தில் உள்ள டோக்கன் லூன் சரிபார்ப்பில் வேண்டுமென்றே தோற்க வேண்டும். வடிவக் கட்டாயம் இல்லாத இடங்களில், பார்த்தவுடன் டோக்கன் என்று தெரியும்படி ஒரு முன்னொட்டோடு நீளமாக வையுங்கள். நள்ளிரவில் லாக்கைத் துழாவுகிறவருக்கு அது பெரிய உதவி.

ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே டோக்கன் வர வேண்டுமா? கடைக்கு உள்ளே, ஆம். இல்லாவிட்டால் பழைய வாடிக்கையாளரை அடையாளம் காண முடியாது. வெளியாட்களுக்குத் தரும் தொகுப்புகளில் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு டோக்கன் கொடுங்கள். விளம்பர நிறுவனத்துக்குக் கொடுத்த பட்டியலும் கணக்காளருக்குக் கொடுத்த பட்டியலும் ஒருவர் கையில் சேர்ந்தாலும், இரண்டையும் பொருத்திப் பார்க்க முடியாமல் போகும்.

உள்ளே வரும் வழி

வாடகைக் கார் செயலியில் ஓட்டுநரைக் கூப்பிடும்போது உங்கள் திரையில் அவருடைய சொந்த எண் வராது. அவருக்கும் உங்கள் எண் தெரியாது. நடுவில் இருக்கும் எண் ஒன்று இருவரையும் இணைத்துவிட்டு, பயணம் முடிந்ததும் தொடர்பை அறுத்துவிடும். பேச வேண்டியதைப் பேசியாயிற்று, எண் யாருக்கும் கைமாறவில்லை. ப்ராக்ஸி என்றால் இதுதான். நம் கடைக்கு இரண்டு வேண்டும்: உள்ளே வரும் வழியில் ஒன்று, வெளியே போகும் வழியில் ஒன்று.

உள்வழியை இரண்டு விதமாக அமைக்கலாம். எளியது, படிவம் கடையின் சர்வருக்குப் போகாமல் முதலில் ப்ராக்ஸிக்குப் போவது. கைபேசி எண், முகவரி ஆகிய கட்டங்களில் உள்ளதை ப்ராக்ஸி எடுத்துப் பெட்டகத்தில் வைத்து, அங்கே டோக்கனைப் போட்டுக் கடைக்கு அனுப்பும். கடையின் சர்வருக்கு அது வழக்கமான படிவமாகவே தெரியும். பழைய நிரலில் ஏறக்குறைய எதையும் தொட வேண்டியிருக்காது.

இன்னும் உறுதியானது, அந்தக் கட்டங்களையே பெட்டகத்தின் வேறொரு இணைய முகவரியிலிருந்து வரும் ஐஃப்ரேமாகப் பக்கத்துக்குள் வைப்பது. வாடிக்கையாளரின் கண்ணுக்கு ஒரே படிவம். ஆனால் உலாவியின் விதிப்படி, ஒரு முகவரியின் ஜாவாஸ்கிரிப்ட் இன்னொரு முகவரியின் ஐஃப்ரேமுக்குள் தட்டுவதைப் படிக்க முடியாது. 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் நடந்தது நினைவிருக்கலாம். தாக்கியவர்கள் டேட்டாபேஸை உடைக்கவில்லை. தளத்தின் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு ஒன்றில் சில வரிகளைச் சேர்த்து, பயணிகள் தட்டிய அட்டை விவரத்தின் நகலைத் தங்கள் முகவரிக்கு அனுப்ப வைத்தார்கள். படிவத்திலேயே திருடப்படும் எண்ணைப் பின்னால் இருக்கும் எந்தப் பெட்டகமும் காப்பாற்றாது. அதனால் அட்டைக்கு ஐஃப்ரேம் கட்டாயம் என்பேன். கைபேசி எண்ணுக்கு முதல் வழியே போதும்.

வெளியே போகும் வழி

கூரியர் நிறுவனத்துக்கு நிஜ முகவரி போயாக வேண்டும். கடையின் நிரல், கூரியரின் ஏபிஐக்கு எழுதும் கோரிக்கையில் டோக்கன்களையே வைத்து அனுப்புகிறது. கோரிக்கை வெளிவழி ப்ராக்ஸி வழியாகப் போகிறது. ப்ராக்ஸி டோக்கனைப் பார்த்து, பெட்டகத்தில் கேட்டு, நிஜ முகவரியை இட்டு, கூரியருக்குப் புதிய பாதுகாப்பான இணைப்பில் அனுப்புகிறது. எழுதுவதற்கு எளிது. கவனமாக இருக்க வேண்டிய இடம் முழுக்க இங்கேதான்.

முதல் ஓட்டை: எங்கே போகும் கோரிக்கையானாலும் டோக்கனை மாற்றிக் கொடுக்கும் ப்ராக்ஸி. கடையின் சர்வருக்குள் நுழைந்துவிட்ட ஒருவனுக்குப் பெட்டகத்தை உடைக்க வேண்டிய தேவையே இல்லை. எல்லா டோக்கன்களையும் தன் சொந்த சர்வருக்கு ஒரு கோரிக்கையாக எழுதி ப்ராக்ஸி வழியே அனுப்பினால் போதும்; ப்ராக்ஸியே அத்தனையையும் நிஜ எண்ணாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். ஆகவே எந்த முகவரிக்கு, எந்தப் பாதைக்கு, எந்தக் கட்டத்தில் உள்ள எந்த வகை டோக்கனை மாற்றலாம் என்று பட்டியல் இருக்க வேண்டும். கூரியரின் “புதிய பார்சல்” பாதையில் முகவரிக் கட்டமும் கைபேசிக் கட்டமும் மட்டும். எஸ்எம்எஸ் நிறுவனத்துக்குப் “பெறுபவர்” கட்டம் மட்டும். செய்தியின் உள்ளே டோக்கன் இருந்தால் மாற்றக் கூடாது. பட்டியலில் இல்லாத கோரிக்கை டோக்கனோடு அப்படியே கடந்து போக விடப்படாமல், அங்கேயே நிறுத்தப்பட வேண்டும்.

இரண்டாவது ஓட்டை திரும்பி வரும் பதில். “9xxxxxxxxx என்ற எண்ணுக்குப் பார்சல் பதிவாகிவிட்டது” என்று கூரியர் நிஜ எண்ணோடு பதில் எழுதும். பின்கோடு தவறு என்றால் நீங்கள் அனுப்பிய முகவரி முழுவதையும் பிழைச் செய்தியில் திருப்பி அனுப்பும். பதிலை ப்ராக்ஸி மீண்டும் டோக்கனாக்காமல் விட்டால், முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்ததாக ஆகும். நல்ல பதில்களை மட்டும் வைத்துச் சோதித்துவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வேண்டுமென்றே தவறான பின்கோடு, பாதி முகவரி, வெற்றுப் பெயர் எல்லாம் அனுப்பி, என்ன திரும்பி வருகிறது என்று பாருங்கள்.

மூன்றாவது, கூரியர் தானாக அனுப்பும் நிலவரத் தகவல்கள். “பார்சல் கொடுக்கப்பட்டது” என்ற செய்தி நேராகக் கடையின் சர்வருக்கு வந்தால் அதிலும் நிஜ எண் இருக்கும். அதையும் உள்வழி ப்ராக்ஸி வழியாகவே வரவழையுங்கள்.

ப்ராக்ஸி நடுவில் நிற்பதால், குறியாக்கம் செய்யப்பட்ட இணைப்பு அங்கே ஒரு முறை திறந்து மூடுகிறது. அந்தக் கணத்தில் எல்லாம் வெட்டவெளியில் இருக்கும். எனவே ப்ராக்ஸியும் பெட்டகமும் கடையின் மற்ற சர்வர்களோடு ஒரே கணக்கில், ஒரே கடவுச்சொல்லில், ஒரே ஆளின் பொறுப்பில் இருக்கக் கூடாது. இதைச் சொந்தமாகக் கட்டலாமா, சேவையாக வாங்கலாமா என்று கேட்பார்கள். நான்கு பேர் கொண்ட மென்பொருள் குழு என்றால் வாங்குங்கள். இரவு இரண்டு மணிக்கு ப்ராக்ஸி நின்றால் ஆர்டரே நின்றுவிடும். அதற்கு விழித்திருக்க ஆள் வேண்டும்.

லாக் என்ற இன்னொரு டேட்டாபேஸ்

பிரிட்டிஷ் ஏர்வேஸ் விசாரணையில் வெளிவந்த இன்னொரு செய்தி பரவலாகப் பேசப்படவில்லை. எனக்கு அதுதான் அதிகம் கவலை தந்தது. சோதனைக்காக மட்டும் வைத்த ஒரு வசதி, தளம் நடைமுறைக்கு வந்த பிறகும் அணைக்கப்படாமல் இருந்தது. அது 2015 டிசம்பர் முதல் அட்டை விவரங்களைத் திறந்த எழுத்தாகவே லாக்கில் எழுதிக்கொண்டிருந்தது. லாக்குகள் 95 நாட்களில் அழிந்துவிடும். அப்படியும், தாக்கியவர்கள் உள்ளே வந்தபோது சுமார் 1,08,000 அட்டைகளின் விவரம் அங்கே கிடந்தது. பிரிட்டனின் தகவல் ஆணையர் 2020-இல் விதித்த அபராதம் 2 கோடி பவுண்டு.

டோக்கன் முறையின் பெரிய லாபம் இந்த இடத்தில்தான். எதை லாக்கில் எழுதலாம், எதை மறைக்கலாம் என்று ஒவ்வொரு டெவலப்பரும் ஒவ்வொரு வரியிலும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நிரலுக்குள் வருவதே டோக்கன் என்றால் லாக்கில் விழுவதும் டோக்கன்தான். எக்செல்லில் விழுவதும், வாட்ஸ்அப்பில் போவதும், வேலையை விட்டுப் போனவரின் கைபேசியில் கிடப்பதும் டோக்கன்தான். கவனம் தேவைப்படும் ஒரே இடம் ப்ராக்ஸியின் சொந்த லாக். எந்த டோக்கன், எந்த நேரம், யார் கேட்டது, எங்கே போனது என்று அது எழுத வேண்டும். கோரிக்கையின் உள்ளடக்கத்தை எழுதவே கூடாது.

பெட்டகத்தின் கதவு

வாடிக்கையாளர் சேவையில் இருக்கும் பெண் ஒருவர், பார்சல் வராத புகாருக்காக ஒருவரோடு பேச வேண்டும். அவருக்கு எண் தெரிய வேண்டியதில்லை. திரையில் கடைசி நான்கு இலக்கமும் ஒரு பொத்தானும் போதும். அழுத்தினால் இணைப்பு ஏற்பட வேண்டும். முகவரி ஒட்டும் சீட்டு, பேக்கிங் பிரிவின் பிரின்டரில் நேராக அச்சாக வேண்டும். கோப்பாக இறங்கக் கூடாது. உண்மையிலேயே எண்ணைத் திறந்து பார்க்க வேண்டிய நேரம் வந்தால், காரணத்தை எழுதிவிட்டுத் திறக்கட்டும். ஒருவர் வழக்கமாக நாளுக்கு ஐந்து எண் திறப்பவர் என்றால், ஐம்பதாவதைத் திறக்கும்போது கதவு தானாக மூட வேண்டும். உரிமையாளருக்கு அந்த நிமிடமே தகவல் போக வேண்டும். கேட்டவருக்கெல்லாம் கணக்கில்லாமல் திறக்கும் பெட்டகத்துக்கு முன்னால் டோக்கன் இருந்தும் பயனில்லை.

தேடுதலிலும் இதே ஆபத்து உண்டு. வாடிக்கையாளர் கூப்பிட்டுத் தன் எண்ணைச் சொல்கிறார். அதற்குரிய டோக்கன் எது என்று பெட்டகத்தைக் கேட்க வேண்டும். பெட்டகம் உள்ளே, தன்னிடம் மட்டும் உள்ள ரகசியச் சாவியோடு சேர்த்துப் போட்ட ஹாஷை வைத்துத் தேடும். சாவி இல்லாமல் அந்த ஹாஷைக் கொண்டு போனால் முன்பு சொன்ன 400 கோடிக் கணக்கு எடுபடாது. ஆனால் “இந்த எண் இருக்கிறதா, அந்த எண் இருக்கிறதா” என்று பெட்டகத்திடமே வரிசையாகக் கேட்க விட்டால், அது வாடிக்கையாளர் பட்டியலைத் தானே ஒப்பித்துவிடும். இங்கும் எண்ணிக்கை வரம்பு வையுங்கள்.

பெட்டகத்துக்குத் தனி பேக்கப் எடுங்கள், சாவியை அதே இடத்தில் வைக்காதீர்கள், மீட்டெடுத்தும் பாருங்கள். பெட்டகம் போய்விட்டால் கடையில் இருப்பவை பொருளற்ற எண்கள் மட்டுமே. இந்தக் குணமே இன்னொரு சமயம் கைகொடுக்கும். வாடிக்கையாளர் தன் விவரத்தை அழிக்கச் சொன்னால், பெட்டகத்தில் அவருடைய பதிவை நீக்கினால் போதும். ஏழெட்டு இடங்களில் சிதறிக் கிடக்கும் டோக்கன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உயிரிழந்துவிடும். பெட்டகத்தின் பேக்கப்புகளும் காலாவதியானதும் அவர் முழுமையாகப் போய்விடுவார்.

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாதவருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. 2025 நவம்பரில் வந்த அதன் விதிகள், அந்த ஏற்பாடுகளில் ஒன்றாக டோக்கனைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன.

பழைய சரக்கு

புதிய ஆர்டர்களை முதலில் மாற்றுங்கள். ஒரு வாரம் ஓடட்டும். பிறகு பழைய அட்டவணையில் டோக்கனுக்கென்று ஒரு புதிய பத்தியைச் சேர்த்து, இரவில் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். ஒவ்வொரு எண்ணும் பெட்டகத்திலிருந்து சரியாகத் திரும்பி வருகிறதா என்று ஒப்பிட்ட பிறகே பழைய பத்தியை அழியுங்கள். அழித்த நாளைக் குறித்து வையுங்கள். அதற்கு முந்தைய பேக்கப் எல்லாவற்றிலும் நிஜ எண்கள் இருக்கும். அவை அழியும் நாள்தான் உங்கள் மாற்றம் முடியும் நாள். மடிக்கணினிகளில் உள்ள நகல்களையும் எக்செல் கோப்புகளையும் ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்த்துத்தான் நீக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். பழைய கைபேசிகளில் ஏற்கெனவே இறங்கியதை இனி உங்களால் எடுக்க முடியாது.

மாதம் ஒரு முறை, முதல் நாள் இரவு எடுத்த கடை டேட்டாபேஸின் பேக்கப்பையும் அந்த வாரத்து லாக்குகளையும் இணையத் தொடர்பில்லாத கணினி ஒன்றில் ஏற்றுங்கள். மூன்று வடிவங்களைத் தேடுங்கள்: 6 முதல் 9 வரை தொடங்கும் பத்து இலக்கம், லூன் சரிபார்ப்பில் தேறும் பதினாறு இலக்கம், 2 முதல் 9 வரை தொடங்கும் பன்னிரண்டு இலக்கம். முதல் மாதம் பட்டியல் நீளமாகவே வரும். பெரும்பாலும் “குறிப்பு” என்ற கட்டத்தில் வாடிக்கையாளர் தானாகவே எழுதிய மாற்று எண்ணாக இருக்கும். கடையில் யாரும் யோசிக்காத கட்டம் அது. அந்தக் கட்டத்தையும் ப்ராக்ஸியின் பட்டியலில் சேர்த்துவிட்டு, அடுத்த மாதம் மீண்டும் தேடுங்கள்.